சுண்டுவிரல் மட்டும் மரத்துப்போகவில்லை

தைராய்டு குறைவுக்கு மாத்திரை தொடங்கிய பிறகும் என் விரல்கள் சில்லென்றுதான் இருந்தன. சட்டைப் பித்தானைப் பிடித்தால் நுனியில் உணர்வே இருக்காது. கையுறை போட்டேன், குளிர் குறைந்தது, மரத்துப்போவது நிற்கவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் மரமரப்பு கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரலில்தான், சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை. இதைச் சொன்னதும் மருத்துவர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். கார்ப்பல் டனல் என்றார். தைராய்டு குறைந்தால் மணிக்கட்டுக்குள் திசு வீங்கி நரம்பை அழுத்துமாம். வைட்டமின் பி12 குறைந்தாலும் விரல் மரத்துப்போகலாம் என்பதால் அதன் அளவையும் பார்த்தோம், சரியாக இருந்தது.

இரவில் மணிக்கட்டு மடங்காதபடி பட்டை கட்டித் தூங்கினேன். இன்னொரு தவறும் அன்று தெரிந்தது: தைராய்டு மாத்திரையோடு இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்தே விழுங்கிவந்தேன். அது தைராய்டு மருந்தை உடம்பில் சேரவிடாது. எனக்கு யாரும் சொல்லவில்லை, நீங்கள் கட்டாயம் கேளுங்கள். இப்போது வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, 4 மணி நேரம் கழித்து இரும்புச்சத்து. தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் டிஎஸ்எச் என்ற ஹார்மோன் 6 வாரத்தில் நன்றாக இறங்கியிருந்தது.

குளிர்ந்த காலைகளில் விரல் இன்னும் சில்லிடுகிறது. கையுறையைவிட, உள்ளே ஒரு பனியன் கூடுதலாகப் போட்டு நெஞ்சைச் சூடாக வைப்பதே எனக்கு உதவுகிறது. பித்தானை இப்போது பார்க்காமலே போடுகிறேன்.