மெழுகு உருளை சீவும் பழைய இயந்திரத்தைச் சரிசெய்தல்

மெழுகு உருளை என்பது பழைய ஃபோனோகிராஃபில் ஒலியைப் பதிந்த ஊடகம்; அதன் மேற்பரப்பைச் சீவினால் மீண்டும் பதியலாம். நன்றாகச் சீவிய உருளையைச் சாய்வான வெளிச்சத்தில் திருப்பினால், பளபளப்பு இடையில் எங்கும் உடையாமல் ஓட வேண்டும். அது வராதபோது பெரும்பாலோர் முதலில் கை வைப்பது ஆழத் திருகில். உண்மையில் கடைசியாகத் தொட வேண்டியது அதுதான். மாண்ட்ரல் (உருளையை மாட்டிச் சுழற்றும் உலோகப் பாகம்), வழிகாட்டித் தண்டு (கத்தி நகர்ந்து செல்லும் தண்டு), கத்தி, ஆழம் என்ற வரிசையில் போங்கள். வரிசை மாறினால், மாண்ட்ரலின் குறை கத்தியின் குறைபோலத் தெரியும். நல்ல கத்தியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

எதைச் சீவலாம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். சீவுவது என்றால் அழிப்பது. பதிவு திரும்ப வராது. பதிவுள்ள எந்த உருளையையும், அது வெறும் அலுவலகக் கடிதம் சொல்லி எழுதவைத்ததாகவே இருந்தாலும், கேட்டு நகலெடுத்த பிறகுதான் மாண்ட்ரலில் ஏற்ற வேண்டும். நகலெடுத்த பின்னும் அபூர்வமானதைச் சீவாதீர்கள். இந்த வேலைக்கு உரியவை பழுப்பு மெழுகு வெற்று உருளைகள், புதிதாக வார்த்த வெற்று உருளைகள், டிக்டாஃபோன், எடிஃபோன் வகை 6 அங்குல அலுவலக உருளைகள். 1902-க்குப் பிறகு அச்சில் வார்த்து விற்ற கறுப்பு உருளைகள் கடினமானவை, மறுபதிவுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 1908-இல் வந்த எடிசனின் நான்கு நிமிட மெழுகு உருளையான ஆம்பரால் இன்னும் நொறுங்கும். 1912-இல் வந்த நீல ஆம்பரால் மெழுகே அல்ல, செல்லுலாய்டு; கத்தி பாழாகும்.

மின்மோட்டார் உள்ள அலுவலகச் சீவல் இயந்திரமானால், பிளக்கைச் செருகுமுன் பெயர்ப்பலகையைப் படியுங்கள். அந்தக் காலத்து மோட்டார்களில் சில நேர்மின்னோட்டத்துக்கு மட்டுமே ஆனவை. துணி சுற்றிய ஒயர்கள் தொட்டாலே உதிரும் நிலையில் இருக்கும்; அவற்றை மாற்றி, உலோக உடலுக்கு மின்கசிவு இல்லை என்று மீட்டரில் உறுதிசெய்த பிறகே ஓட்டுங்கள்.

பேரிங்குகளில் உறைந்த பழைய எண்ணெய் கோந்துபோல் இருக்கும். அதன்மேல் புது எண்ணெய் விடுவது பயனற்ற வேலை. மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, மெல்லிய மெஷின் எண்ணெய் ஒரு துளி மட்டும் விடுங்கள். மாண்ட்ரலின் மேற்பரப்பில் எண்ணெய் படவே கூடாது. பட்டால் உருளை வழுக்கும்.

மாண்ட்ரலின் மேல் டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவியை) நிறுத்திக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு சுற்றில் முள் 0.02 மி.மீ.-க்கு மேல் ஆடினால் மேலே போகாதீர்கள். காரணம் பெரும்பாலும் மாண்ட்ரலில் ஒட்டிய மெழுகுத் துணுக்கு, அல்லது தேய்ந்த பேரிங். தண்டே வளைந்திருந்தால் லேத் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்; சுத்தியல் வேண்டாம். அடுத்து மாண்ட்ரலை நீளவாக்கில் தள்ளி இழுத்துப் பாருங்கள். அந்த ஆட்டம் கையில் உணரும் அளவுக்கு இருந்தால் முனைத் திருகை இறுக்குங்கள்; சுழற்சி கனமாகும் இடத்தில் நிறுத்தி, ஒரு நூலளவு திருப்பி விடுங்கள். பெல்ட்டின் தையல் முடிச்சு கப்பியைத் தாண்டும்போதெல்லாம் மாண்ட்ரல் அதிரும். அந்த அதிர்வு மெழுகில் வரியாக விழும். முடிச்சில்லாமல் ஒட்டிய மெல்லிய பெல்ட் நல்லது.

வழிகாட்டித் தண்டு மாண்ட்ரலின் அச்சுக்கு இணையாக இருக்கிறதா என்று கேஜை மாண்ட்ரல் நெடுக ஓட்டிப் பார்ப்பது ஏமாற்றும், ஏனெனில் மாண்ட்ரல் ஒரு முனை நோக்கிச் சிறுத்துப் போகும் வடிவம். வேண்டாத உருளை ஒன்றை மெலிதாகச் சீவி, இரு முனைகளிலும் வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டரால் அளப்பதே நம்பகமான வழி. தாடைகளைத் தொட்டும் தொடாமலும் வையுங்கள், மெழுகு அமுங்கிவிடும். விட்ட வேறுபாடு 0.06 மி.மீ. என்றால், கத்தியின் பாதை அந்த நீளத்துக்குள் 0.03 மி.மீ. விலகுகிறது. தண்டின் தாங்கிக்கு அடியில் ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் தாங்கி இருப்பது உருளையின் முனைக்கு நேராக அல்ல, வெளியே. தாங்கிகளுக்கு இடையிலான தூரம் உருளை நீளத்தைப்போல் இரு மடங்கானால் ஷிம்மும் இரு மடங்கு, அதாவது 0.06. இதை மறப்பவர்கள் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வருவார்கள். இரு முனைகளின் விட்ட வேறுபாடு 0.02 மி.மீ.-க்குள் வந்தால் போதும்.

இனி கத்தி. பெரும்பாலும் இது நீலக்கல். பலவற்றில் விளிம்பு வட்டமாக இருக்கும். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். சிறு பல் விழுந்திருந்தாலும் அது உருளை முழுவதும் ஒரு மெல்லிய திருகுவரியாக எழும். பதிவில் அது சீரான இரைச்சலாகக் கேட்கும். வட்டக் கத்தியானால் பிடியைத் தளர்த்திச் சிறிது சுழற்றிப் புது விளிம்பைக் கொண்டுவரலாம். முழுவதும் மழுங்கியிருந்தால் எண்ணெய்க் கல்லில் தேய்க்காதீர்கள், வைரப் பசை தேவை. ரத்தினக்கல் தீட்டுபவரின் வேலை அது. கல்லில் ஒட்டிய மெழுகை மரக்குச்சியாலும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலாலும் நீக்குங்கள். உருளைமேல் எந்தக் கரைப்பானும் படக்கூடாது.

வெட்டும் முனை உருளையின் மைய அச்சை நேராக நோக்கி நிற்க வேண்டும். முனைக்குப் பின்னால் கல் மெழுகைத் தொடக்கூடாது. தொட்டால் சீவாமல் தேய்க்கும். மேற்பரப்பு பால்போல் மங்கும்.

வட்டக் கத்தி ஒவ்வொரு சுற்றிலும் விடும் மேட்டின் உயரம், ஒரு சுற்றுக்கு நகரும் தூரத்தின் வர்க்கத்தை முனை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். எடிசன் ஃபோனோகிராஃபிலேயே இணைந்து வரும் சீவுகத்தி அங்குலத்துக்கு 100 மரைத் திருகில் ஓடினால், சுற்றுக்கு 0.254 மி.மீ. நகர்கிறது. ஆரம் 2.5 மி.மீ. என்றால் மேடு ஏறக்குறைய 3 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு). நகர்வு 0.1 மி.மீ. ஆனால் அரை மைக்ரான். பதிவுக் குழியே சுமார் 25 மைக்ரான் ஆழம்தான் என்பதை நினைத்தால், 3 மைக்ரான் மேடு ஏன் ஊசியில் உறுமுகிறது என்று விளங்கும். ஆகவே கடைசிச் சீவலுக்கு மெல்ல நகரும், வேகமாகச் சுழலும் தனிச் சீவல் இயந்திரமே மேல்.

உருளையை 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் உள்ள அறையில் ஒருநாள் வைத்த பிறகு எடுங்கள். இரு விரல்களை உள்ளே விரித்துத் தூக்குங்கள். குளிர்ந்த மெழுகை உள்ளங்கைச் சூடே விரிசல்விட வைக்கும். துளையின் அகன்ற பக்கம் முதலில் ஏற வேண்டும். உறுதியாகப் பிடிக்கும்வரை மட்டும் தள்ளுங்கள். வேலை முடிந்ததும் உடனே கழற்றுங்கள். மாண்ட்ரலில் விட்டுவிட்டால், அறை குளிரும்போது மெழுகு உலோகத்தைவிட அதிகம் சுருங்கிப் பிளக்கும்.

கத்தியை மெழுகின் மிக உயர்ந்த இடத்தைத் தொடும்வரை இறக்குங்கள். பழைய உருளைகள் சற்றே நீள்வட்டமாகி இருக்கும், ஆகவே முதல் சீவலில் பாதிச் சுற்றுதான் வெட்டும், அது பிழையல்ல. ஒரு தடவைக்கு 25 மைக்ரான் எடுங்கள், 50-ஐத் தாண்டாதீர்கள். பழைய வரிகள் மறைந்த பிறகு 10 மைக்ரானில் ஒரு முடிப்புச் சீவல். ஓட்டத்தின் நடுவில் நிறுத்தினால் வளையம் பதியும், தொடங்கினால் முடியுங்கள்.

சீவல் நூலாக நீண்டு வந்தால் நல்லது. பொடியாக உதிர்ந்தால் மெழுகு குளிர்ந்திருக்கிறது, அல்லது கத்தி மழுங்கியிருக்கிறது. கத்தியில் அப்பிக்கொண்டால் மெழுகு சூடு. நிலைமின்சாரத்தால் சீவல் மீண்டும் உருளையிலேயே ஒட்டி, அடுத்த சுற்றில் கத்தியின்கீழ் சிக்கிப் பள்ளம் போடும். இதற்கு வேக்குவம் கிளீனரின் குழாய்வாயைக் கத்திக்கு அருகில், உருளையைத் தொடாமல் நிறுத்துங்கள். இந்தத் தூள் உண்மையில் உலோகச் சோப்பு, முகக்கவசம் அவசியம்.

குறுக்கே சம இடைவெளியில் அலைவரிகள் வந்தால் கத்திப் பிடி தளர்ந்திருக்கிறது, அல்லது பெல்ட் அதிர்கிறது. அரை நட் (கத்தியை நகர்த்தும் திருகைப் பற்றும் பாதி நட்) தேய்ந்திருந்தால் இடைவெளி ஒழுங்கற்று, சில வரிகள் இரட்டித்துத் தெரியும். வெள்ளைப் புள்ளிகள் வேறு கதை: அது பூஞ்சை உள்ளே தின்ற குழி. மேலே சீவச் சீவப் புதுக் குழி திறக்கும். அந்த உருளையைச் சோதனைச் சீவலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.