மெனோர்கா குடாக்களில் நங்கூரம்: புதிதாகப் படகெடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன ஜூலையில் ஸ்பெயினின் மெனோர்கா தீவின் தென்கரையில், மகரெல்யா குடாவில் நின்றிருந்தோம். காலை பத்தரை மணி இருக்கும். வாடகைப் பாய்மரப் படகு ஒன்று உள்ளே வந்தது. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நின்ற இளைஞர் பொத்தானை அழுத்தினார். நங்கூரம் தொப்பென்று விழுந்தது, சங்கிலி பத்து மீட்டர் போல ஓடி நின்றது. இன்ஜினை அணைத்தார்கள். இரண்டு நிமிடத்தில் நான்கு பேரும் தண்ணீரில் இருந்தார்கள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே கரையில் நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் குதித்தேன். பின்னால் கட்டி இழுத்துவரும் சிறு படகான டிங்கியில் போய், சங்கிலி போதாது, நங்கூரம் பிடித்ததா என்றும் பார்க்கவில்லை என்று சொன்னேன். தன்மையாகக் கேட்டுக்கொண்டு, நங்கூரத்தைத் தூக்கி மறுபடி போட்டார்கள். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று படகுகள் அதையே செய்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொப்பி, குடிதண்ணீர், லைஃப் ஜாக்கெட் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. படகைக் கையில் கொடுக்கும்போதே அதைச் சொல்லிவிடுவார்கள்.

சங்கிலியைக் குறைத்து விடுவது, விட்ட பிறகு இழுத்துப் பார்க்காதது

2016 ஆகஸ்டில் ஒரு வாரத்துக்கு 38 அடிப் படகு ஒன்றை எடுத்திருந்தோம். மூன்றாம் நாள் மதியம் த்ரெபலூஜர் குடாவுக்குள் போனோம். தெற்கு பார்த்த குடா. பின்னால் ஒரு ஓடை, இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. ஆழமானி 4 மீட்டர் காட்டியது. மூன்று மடங்கு போதும் என்று கணக்குப் போட்டு 12 மீட்டர் சங்கிலி விட்டேன். படகு நிற்கிறது, காற்று இல்லை, அப்புறம் என்ன? நீந்திக் கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அந்தக் கணக்கில் மூன்று தப்பு இருந்தது. முதலாவது, அந்த ஆழமானி தண்ணீர் மட்டத்திலிருந்து அளக்கவில்லை, படகின் அடிக்கட்டைக்குக் கீழே எவ்வளவு இருக்கிறது என்று காட்டியது. அடிக்கட்டை தண்ணீருக்குள் 2 மீட்டர் இறங்கியிருக்கும். ஆக உண்மையான ஆழம் 6 மீட்டர். இரண்டாவது, சங்கிலி தண்ணீர் மட்டத்திலிருந்து தொடங்குவதில்லை, அணியத்திலிருந்து தொடங்குகிறது. அதற்கு இன்னொரு 1.2 மீட்டர் சேர்க்க வேண்டும். மொத்தம் 7.2. காற்றில்லாத பகல் நேரத்துக்கே அதன் நாலு மடங்கு, அதாவது 29 மீட்டர் வேண்டும். ஐந்து மடங்கு விட்டால் 36. நான் விட்டது 12. நேராகத் தொங்கவிட்டாலே பாதிக்குமேல் அதில் தீர்ந்துவிடும்.

மூன்றாவது தப்பை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நங்கூரம் மணலைப் பிடித்ததா என்று நான் பார்க்கவே இல்லை. கலப்பையின் கொழு மண்ணில் இறங்குவதைப் போல நங்கூரம் இறங்க வேண்டும். அதற்குக் கிடைமட்டமாக ஒரு இழுப்பு தேவை. நீளமான சங்கிலி தன் எடையால் தரையில் படிந்து கிடப்பதால்தான் அந்த இழுப்பு கிடைக்கிறது. குறைவாக விட்டால் இழுப்பு மேல்நோக்கிப் போய் நங்கூரத்தைப் பிடுங்கிவிடும். என்னுடையது மணல்மேல் சாய்ந்து கிடந்தது, அதன்மேல் சங்கிலி குவியலாக விழுந்திருந்தது. சும்மா நின்ற படகை, பிடித்து நிற்கிறது என்று நினைத்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு மேல் தென்மேற்கிலிருந்து கடற்காற்று எழுந்தது. கோடையில் அந்தக் கரையில் இது வழக்கம். தீவின் தரை சூடேறியதும் காற்று கடலிலிருந்து உள்ளே வரும். பெரிய காற்றுகூட இல்லை, 14 நாட் (மணிக்குச் சுமார் 26 கிலோமீட்டர்) இருந்திருக்கும். மணலிலிருந்து பார்த்தபோது படகு வேறு இடத்தில் இருப்பதுபோலத் தோன்றியது. முதலில் நம்பவில்லை. எழுந்து ஓடி நீந்திப் போய்ச் சேர்வதற்குள் படகின் பின்பக்கம் கிழக்குப் பாறையை நெருங்கிவிட்டது. சுக்கானின் அடி பாறையில் இடித்த சத்தம் தண்ணீருக்குள் எனக்குக் கேட்டது. தேங்காயைக் கல்லில் அடிக்கிற மாதிரி சத்தம்.

யாருக்கும் காயமில்லை. ஆனால் சுக்கானில் விரிசல் விழுந்துவிட்டது. கட்டியிருந்த பிணைத்தொகை 2,000 யூரோ அப்படியே போயிற்று. மீதி நான்கு நாள் பயணமும் போயிற்று. அதைத் தடுக்கத் தேவைப்பட்டது ஒன்றரை நிமிட வேலை.

இப்போது நான் செய்வது இதுதான். காற்றை எதிர்நோக்கி மெதுவாக வந்து, வெளிர்நிற மணல் திட்டின்மேல் படகை முழுதாக நிறுத்துவேன். நங்கூரத்தைத் தரை வரைக்கும் இறக்குவேன். படகு பின்னால் நகர நகரத்தான் சங்கிலியை விடுவேன், ஒரே இடத்தில் குவியவிட மாட்டேன். கணக்குப்படி விட்டு முடித்ததும் ஒரு நிமிடம் பொறுத்து, இன்ஜினை ரிவர்ஸில் மெதுவாகப் போட்டு, பிறகு கூட்டி, அரை நிமிடம் இழுப்பேன். அப்போது கரையில் ஒரே கோட்டில் இருக்கிற இரண்டு பொருள்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பைன் மரம், அதற்குப் பின்னால் ஒரு பாறை. அந்தக் கோடு விலகிக்கொண்டே போனால் நங்கூரம் உழுதுகொண்டு வருகிறது என்று அர்த்தம். அணியத்தில் ஒருவர் சங்கிலிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம். பிடித்த சங்கிலி விறைப்பாக, அமைதியாக இருக்கும். பிடிக்காதது கல்ரோட்டில் போகிற மாட்டுவண்டி மாதிரி தடதடவென்று அதிரும்.

அதன்பிறகு கண்ணாடி மாட்டிக்கொண்டு நங்கூரம் வரைக்கும் நீந்துங்கள். அங்கே தண்ணீர் அவ்வளவு தெளிவு. 6 மீட்டர் ஆழத்தில் நங்கூரத்தின் கொழு புதைந்து தண்டு மட்டும் தெரிவதை மேலிருந்தே பார்த்துவிடலாம். முதல் குளியலே அதற்காகத்தான் இருக்க வேண்டும்.

படகை வாடகைக்கு வாங்கும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள். ஆழமானி எங்கிருந்து அளக்கிறது? சங்கிலியில் எத்தனை மீட்டருக்கு என்ன நிறத்தில் அடையாளம் இருக்கிறது? இரண்டாவதற்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், துறைமுகத்திலேயே சங்கிலியை வெளியே எடுத்து அளந்துவிடுங்கள்.

கரும்பச்சைத் திட்டின்மேல் போடுவது

மேலிருந்து பார்த்தால் கடலடி இரண்டு நிறமாகத் தெரியும். வெளிர்நீலம் மணல். கருமையாகத் தெரிவது பொசிடோனியா. பலர் இதைப் பாசி என்று நினைக்கிறார்கள். இது பூத்துக் காய்க்கிற கடற்புல், இங்கே வளரும் இனம் மத்தியதரைக் கடலுக்கு மட்டுமே உரியது. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் பரவும். நங்கூரம் ஒரே இழுப்பில் பிய்த்தெறியும் திட்டு மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். மீன்குஞ்சுகள் வளர்வது இதற்குள்தான். கடற்கரை மணலை அலை அரித்துக்கொண்டு போகாமல் காப்பதும் இதுதான்.

மெனோர்கா அடங்கிய பலேரிக் தீவுகளில் 2018ஆம் ஆண்டின் அரசாணைப்படி இதன்மேல் நங்கூரம் போடுவது தடை. கோடையில் கண்காணிப்புப் படகுகள் சுற்றிவரும், அபராதமும் உண்டு. அபராதத்தை விடுங்கள், புல்வேரின்மேல் நங்கூரம் ஒழுங்காகப் பிடிக்கவும் பிடிக்காது. இடம் பார்க்கும்போது நங்கூரம் விழும் இடம் மட்டுமல்ல, படகு சுழலும்போது சங்கிலி உரசப்போகும் இடமும் மணலாக இருக்க வேண்டும்.

பக்கத்துப் படகின் சங்கிலியைக் கேட்காமல் இருப்பது

அவர் 20 மீட்டர் விட்டிருந்து நீங்கள் 40 விட்டால், காற்று திரும்பும்போது இரண்டும் வெவ்வேறு வட்டத்தில் சுழன்று மோதும். முதலில் வந்தவருக்கே இடம். கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.

டிங்கிக் கயிறு

ரிவர்ஸ் போடுவதற்கு முன் இழுத்துக் கட்டுங்கள். புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும்.

கடற்கரை மணலுக்குப் பக்கத்தில் போவது

மஞ்சள் மிதவை போட்டிருந்தால் அதற்குள் நுழையக் கூடாது. மிதவை இல்லாத இடத்தில் கடற்கரையிலிருந்து 200 மீட்டரும், மற்றக் கரையிலிருந்து 50 மீட்டரும் குளிப்பவர்களுக்கு உரியது.

ஒரே நாளில் ஐந்து குடா பார்ப்பது

கால்தானா, மகரெல்யா, துர்கெத்தா, சோன் சவுரா என்று வரைபடத்தில் வரிசையாக, ஒன்றிரண்டு கடல் மைல் இடைவெளியில் இருப்பதால் வரும் ஆசை இது. ஒவ்வொன்றிலும் இடம் தேடி, நங்கூரம் போட்டு, தூக்கி, மறுபடி போட்டு நாளே போய்விடும். பாயை விரிக்கவே மாட்டீர்கள். களைத்த கையோடு ஐந்தாவது நங்கூரத்தைப் போடும்போதுதான் இழுத்துப் பார்க்காமல் விடத் தோன்றும்.

நாங்கள் வைத்திருக்கும் வழக்கம் வேறு. இரவு தங்கிய குடாவிலேயே காலையில் குளிப்போம். அந்த நேரத்தில் காற்றும் இருக்காது, கூட்டமும் இருக்காது. பதினொரு மணிவாக்கில் பகல் படகுகள் வந்து நிறையும்போது கிளம்பிவிடுவோம். மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்ததும் இன்ஜினை அணைத்துப் பாயில் போவோம். அவசரமில்லை, 4 நாட் போதும். சமைத்ததைப் படகிலேயே சாப்பிட்டு, ஐந்தரை ஆறு மணிக்கு அடுத்த குடாவுக்குள் நுழைந்தால், பகல் படகுகள் வெளியேறிக்கொண்டிருக்கும். நல்ல மணல் திட்டு காலியாகக் கிடக்கும்.

வடக்குக் காற்றைப் பார்க்காமல் வடகரைக்குப் போவது

அதற்குப் பெயர் திரமுந்தானா. முன்னறிவிப்பில் அது இருந்தால் தென்கரையிலேயே இருங்கள். வடக்கில் மாட்டிக்கொண்டால் ஃபோர்னெல்ஸ் விரிகுடாவுக்குள் போய்விடுங்கள்.

சியுதாதெல்யா துறைமுகத்தில் ரிசாகா எச்சரிக்கை வந்தும் தங்குவது

ரிசாகா வந்தால், வளிமண்டல அழுத்தம் சட்டென்று மாறுவதால் அந்தக் குறுகிய துறைமுகத்துக்குள் தண்ணீர் சில நிமிடங்களில் வடிந்து திரும்பப் பாயும். 2006 ஜூன் 15 அன்று மட்டம் 4 மீட்டருக்கு மேல் மாறியது, ஏராளமான படகுகள் உடைந்தன. ஸ்பெயினின் வானிலைத் துறை இதற்கென்றே எச்சரிக்கை தருகிறது. எச்சரிக்கை இருந்தால் அன்றிரவு அந்த ஊர் வேண்டாம்.