மாதத்துக்கு இரண்டே சனிக்கிழமை: ஆர்.பி.ஜி.க்கும் போர்டுகேமுக்கும் பங்கு பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீட்டில் பிரியாணி எண்ணெய் படுவது, சோபாவுக்கு அடியில் பகடை ஓடுவது, கேரக்டர் ஷீட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது, இதெல்லாம் ஒரு முறை பட்டால் தானே சரியாகிவிடும். அவற்றைப் பற்றி இங்கே பேச்சில்லை. தவறு என்றே தெரியாமல், ரொம்ப நியாயமான ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டு புதுக் குழுக்கள் செய்கிற காரியங்கள் சில இருக்கின்றன. அவைதான் விஷயம்.

கணக்குக்காக ஒரு குழுவை வைத்துக்கொள்வோம். பெங்களூரில் வேலை பார்க்கும் ஆறு தமிழ்க்காரர்கள். இருவர் எச்.எஸ்.ஆர். லேஅவுட், ஒருவர் ஒயிட்ஃபீல்ட், ஒருவர் எலக்ட்ரானிக் சிட்டி, இருவர் ஜெயநகர். இரண்டாம் சனி, நான்காம் சனி, மாலை 7 முதல் 11 வரை. வருடத்துக்கு 24 மாலை. பாதிப் பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆசை. அது ஒரு ஆர்.பி.ஜி., அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் கேம். மீதிப் பேருக்கு அலமாரியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிற பெட்டிகளை மேஜைக்குக் கொண்டுவரும் ஆசை.

ஒரு தடவை அது, ஒரு தடவை இது

எல்லாக் குழுவும் முதலில் எடுக்கிற முடிவு இதுதான். இரண்டாம் சனி ஆர்.பி.ஜி., நான்காம் சனி போர்டுகேம். ஆளுக்குப் பாதி, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. மற்ற தவறுகளையெல்லாம் மன்னித்துவிடலாம். இதை மட்டும் ஒவ்வொரு குழுவும் புதிதாகக் கண்டுபிடித்து, அதே இடத்தில் போய் முட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

ஏன் என்பதைப் பகடையாலேயே சொல்லலாம். ஒவ்வொருவரும் ஆறு தடவைக்கு ஒரு தடவை வர முடியாமல் போகும் என்று வையுங்கள். புரொடக்‌ஷன் ரிலீஸ், சேலத்தில் கல்யாணம், காய்ச்சல், சில்க் போர்டு சிக்னல் என்று பெங்களூரில் காரணத்துக்குப் பஞ்சமா? இது ஆறு பேரும் ஆளுக்கொரு ஆறுமுகப் பகடை உருட்டுவதற்குச் சமம். ஒருவருக்கும் 1 விழக்கூடாது. அதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான், சரியாகச் சொன்னால் 33.5 சதவீதம். ஆக, "எல்லோரும் வந்தால்தான் கதை நகரும்" என்று இருக்கிற குழுவுக்கு, ஒதுக்கிய 12 மாலையில் நடக்கப்போவது நான்கு. சராசரியாக மூன்று மாதத்துக்கு ஒரு செஷன்.

மூன்று மாதம் கழித்து உட்காருகிறவருக்கு என்ன ஞாபகம் இருக்கும்? அந்த வியாபாரி பேர் என்ன, அவனிடம் ஏன் கடன், மந்திர மோதிரம் யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பதிலேயே முக்கால் மணி நேரம் போகும். ஏழு மணி என்று சொன்னால் ஆட்கள் சேர 7.40 ஆகும். சாப்பாடு அரை மணி. முன்கதை முக்கால் மணி. அதற்குப் பிறகு ஒரே ஒரு சண்டை; முதல் சில லெவல்களில் ஐந்து பேர் சேர்ந்து போட்டாலே 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். மணி பத்தை நெருங்கிவிடும். ஒயிட்ஃபீல்டுக்காரர் மெட்ரோவுக்கு எழுந்துவிடுவார். 2014-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஸ்டார்ட்டர் செட்டில் உள்ள ஃபேண்டெல்வர் கதை, சாலையில் கோப்ளின் என்கிற குட்டிப் பூதங்கள் மறித்துத் தாக்குவதில் ஆரம்பித்து அடுத்து அவற்றின் குகைக்குப் போகும். புத்தாண்டில் வண்டி கட்டிப் புறப்பட்டு, தீபாவளி வந்தும் அந்தக் குகையை விட்டு வெளியே வராத குழுக்கள் உண்டு. கதை பிடிக்காமல் நின்றதல்ல. இடைவெளி தின்றுவிட்டது.

சரி, போர்டுகேமாவது நன்றாக நடக்குமா என்றால் அதுவும் இல்லை. மாதம் ஒரு முறைதான் என்றால் போன மாதம் படித்த விதி இந்த மாதம் மறந்திருக்கும். அதனால் பழைய பெட்டியை எடுக்க யாருக்கும் மனசு வராது. புதுப் பெட்டி, புது விதி, மறுபடி 40 நிமிடப் பாடம். நல்ல போர்டுகேம் இரண்டாவது ஆட்டத்தில்தான் திறக்கும். இந்த ஏற்பாட்டில் இரண்டாவது ஆட்டமே வராது.

இதற்கு மேல், "ஆள் குறைந்தால் போர்டுகேம்" என்று ஒரு துணை விதியும் சேர்ந்துகொள்ளும். கேட்க நல்லதாகத்தான் இருக்கும். மேலே சொன்ன கணக்குப்படி 12 ஆர்.பி.ஜி. மாலையில் எட்டு இப்படிப் போர்டுகேமுக்குப் போய்விடும். பாதிக்குப் பாதி என்று பிரித்தது 4-க்கு 20 ஆகிவிடும். அதோடு, அந்த எட்டு மாலையும் திட்டமிடாதவை. கையில் கிடைத்த பெட்டி, அரைகுறை மனசு, "இன்னிக்குக் கதை நடந்திருக்கலாம்ல" என்கிற முணுமுணுப்பு.

மாற்று என்னவென்றால், தொகுதி தொகுதியாகப் பிரிப்பது. தொடர்ந்து ஐந்தோ ஆறோ மாலை முழுக்க ஆர்.பி.ஜி., பிறகு தொடர்ந்து ஐந்தாறு மாலை முழுக்க போர்டுகேம். மாதம் இரண்டு என்றால் ஒரு தொகுதி மூன்று மாதத்துக்குள் முடியும். செஷனுக்கு செஷன் இரண்டு வாரம்தான் இடைவெளி. முன்கதை பத்து நிமிடத்தில் முடியும்.

எந்த மாதத்தில் எது என்பதை ஊர் காலண்டர் தீர்மானிக்கட்டும். பொங்கலுக்கு மடிவாளாவில் பஸ் ஏறியவர்கள் திரும்பி வந்ததும், ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை ஒரு சின்ன ஆர்.பி.ஜி. தொகுதி. மார்ச் கடைசி அலுவலகத்துக்கு. ஏப்ரல், மே சித்திரை வைகாசிக் கல்யாணங்கள், பிள்ளைகளுக்கு விடுமுறை. யார் வருவார் என்று தெரியாது, போர்டுகேம் போடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பெரிய தொகுதி. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பது கேம்பெயின், அதாவது பல செஷன் தொடரும் கதை, நடத்துகிறவருக்குக் கிடைத்த வரம். குலதெய்வத்துக்குக் கூழ் ஊற்றுகிறார்கள் என்று ஒருவர் இருவர் போவார்கள், அதைத் தாங்கலாம். செப்டம்பர் முதல் ஆயுதபூஜை, தீபாவளி என்று வரிசையாகப் போகும், மறுபடி போர்டுகேம்.

தொகுதிக்குள் கோரம் ஒன்று வேண்டும், அதாவது குறைந்தது இத்தனை பேர் என்கிற கணக்கு. கதை நடத்துகிற கேம் மாஸ்டரும், மற்ற ஐந்து பேரில் மூன்று பேரும் இருந்தால் ஆட்டம் நடக்கும். அதே பகடைக் கணக்கில் இப்போது வாய்ப்பு 80 சதவீதம். ஆறில் ஒன்று தவறலாம், அவ்வளவுதான். அந்த ஒன்றுக்காகத் தொகுதியின் முடிவில் ஒரு மாலையை உபரியாக முன்பே ஒதுக்கிவைத்துவிடுங்கள். வராதவரின் பாத்திரம் முகாமுக்குக் காவல் நிற்கட்டும், சாகாது, சம்பாதிக்காது. அனுபவப் புள்ளிகளை ஆளாளுக்குக் கணக்கு வைக்காமல் கதையின் கட்டங்களில் எல்லோரையும் சேர்த்து லெவல் ஏற்றினால் வராதவர் பின்தங்க மாட்டார்.

தவறும் அந்த 20 சதவீதத்தில் பெரும்பங்கு கேம் மாஸ்டர் வராததால்தான். அன்றைக்கும் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. 2009-இல் வந்த ஃபியாஸ்கோ மாதிரி, கேம் மாஸ்டரே தேவைப்படாத ஆட்டங்கள் இருக்கின்றன. மூன்று முதல் ஐந்து பேர், முன்தயாரிப்பு இல்லை, இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு முழுக் கதை. ஆர்.பி.ஜி. மாலை ஆர்.பி.ஜி.யாகவே இருக்கும்.

கதையையும் தொகுதிக்கு ஏற்ற மாதிரி வெட்ட வேண்டும். ஆறு செஷன், ஒவ்வொன்றிலும் நிஜமாக ஆடக் கிடைப்பது இரண்டரை மணி. மொத்தம் 15 மணி நேரம். அதில் ஒரு வில்லன், மூன்று இடங்கள், ஆறேழு சண்டைகள் அடங்கும். ஒன்றாம் லெவலிலிருந்து இருபது வரை போகும் காவியம் அடங்காது.

இரண்டையும் ஒரே ராத்திரியில்

ஏழிலிருந்து ஒன்பது வரை போர்டுகேம், ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கதை. போர்டுகேம் ஒன்பதுக்கு முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும் 20 நிமிடத்துக்கு மட்டும் ஜஸ்ட் ஒன் என்கிற சின்னச் சொல் ஆட்டம் போடலாம். மூன்று பேரில் ஆரம்பித்து ஏழு பேர் வரை, நடுவில் வருகிறவரும் அடுத்த சுற்றில் உட்கார்ந்துகொள்ளலாம்.

பெட்டி மேல் போட்டிருக்கும் நேரம்

அது விதி தெரிந்தவர்களின் நேரம். முதல் ஆட்டத்துக்கு அதை ஒன்றரையால் பெருக்கி, பாடத்துக்கு அரை மணி கூட்டுங்கள். டெராஃபார்மிங் மார்ஸ் பெட்டியில் 120 நிமிடம் என்று இருக்கும். ஐந்து புதியவர்கள் உட்கார்ந்தால் மூன்றரை மணி நேரம். அதாவது அந்த மாலை முழுவதும் அதற்கே. போர்டுகேம் தொகுதியில் ஆறு மாலைக்கு மூன்று பெரிய பெட்டி போதும், ஒவ்வொன்றும் அடுத்தடுத்த இரண்டு மாலை. இரண்டாம் மாலையில் பாடம் கிடையாது.

கேம்பெயின் பெட்டி வாங்கிப் பிரச்சினையைத் தீர்ப்பது

"கதையும் இருக்கு, போர்டும் இருக்கு, இரண்டு கோஷ்டியும் சமாதானம்" என்று க்ளூம்ஹேவன் வாங்குவார்கள். 2017-இல் வந்த பெட்டி, எடை பத்து கிலோவை நெருங்கும், ஸ்கூட்டரில் கொண்டுபோக முடியாது. 95 காட்சிகள். கிளைக்கதை என்பதால் அத்தனையும் ஆட வேண்டியதில்லை. ஆனால் பாதியை ஆடினாலே, மாதம் இரண்டு மாலை வீதம், இரண்டு வருடம். முக்கியமானது, அது நான்கு பேர் வரைதான். ஆறு பேர் குழுவில் இருவர் என்ன செய்வார்கள், காபி போடுவார்களா?

இந்த ரகப் பெட்டிகள் போர்டுகேமின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஆர்.பி.ஜி.யின் தொல்லையைக் கொண்டுவரும்: அதே ஆட்கள், தொடர்ந்து, வரிசையாக வர வேண்டும். பாண்டமிக் லெகசி முதல் சீசனும் அப்படித்தான். 12 மாதக் கதை, ஒவ்வொரு மாதத்துக்கும் அதிகபட்சம் இரண்டு முயற்சி, ஆக 12 முதல் 24 ஆட்டம், நான்கு பேர். ஆட ஆசையென்றால் அதை ஆர்.பி.ஜி. தொகுதியின் கணக்கில் எழுதுங்கள். குழு நான்கு பேர்தான் என்றால் க்ளூம்ஹேவனின் சின்னப் பெட்டியான, 25 காட்சி உள்ள ஜாஸ் ஆஃப் தி லயன் பொருந்தும்; வரைபடத் துண்டுகளை அடுக்காமல் புத்தகத்தை விரித்து அதன் பக்கத்திலேயே ஆடலாம் என்பதால் எடுத்து வைக்கிற நேரமும் மிச்சம்.

ஆறு பேருக்கு நான்கு பேர் பெட்டி

கட்டான் அடிப்படைப் பெட்டி 3–4 பேர். அசூல், ஸ்ப்ளெண்டர், பாண்டமிக் எல்லாம் 2–4. ஆறு பேர் என்றால் ஏழு பேர் வரை ஆடும் செவன் வொண்டர்ஸ், அல்லது கோட்நேம்ஸ், அல்லது இரண்டு மேஜையில் மும்மூன்று பேர். மூன்றாவது வழியைப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை. எல்லோரும் ஒரே மேஜையில்தான் உட்கார வேண்டும் என்று தாலி கட்டிக்கொண்ட மாதிரி.

அன்று மாலை வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு

வேண்டாம். வியாழக்கிழமைக்குள் முடிவாகாதது சனிக்கிழமை ஆறு மணிக்கு முடிவாகாது.

கதை நடத்துகிறவரே விதியும் சொல்லிக்கொடுப்பது

எந்தக் குழுவிலும் விதிப்புத்தகம் படிக்கிற பழக்கம் ஒருவருக்குத்தான் இருக்கும். கதைக்குத் தயாரிப்பதும் அவர், அடுத்த மாதம் அசூல் விளக்குவதும் அவர், வீடும் அவருடையது. எட்டு மாதத்தில் அவர் வேலை மாறியதாகச் சொல்லிக்கொண்டு விலகிவிடுவார். கேம் மாஸ்டராக இருந்தவர் அடுத்த போர்டுகேம் தொகுதி முழுக்க வெறும் விருந்தாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி யாருடையதோ, பாடம் அவருடையது.

மொழியைக் கணக்கில் எடுக்காமல் ஆள் சேர்ப்பது

கதை தமிழிலும் விதிச்சொற்கள் ஆங்கிலத்திலுமாக ஓடும். "டேய், பர்செப்ஷன் போடு, ஏதோ சத்தம் கேட்குது" என்று தானாக வந்துவிடும், அதில்தான் ருசியும். அந்த மேஜையில் ஆபீஸ் கன்னட நண்பரையோ இந்திக்கார ஹவுஸ்மேட்டையோ கூட்டிவந்து உட்காரவைத்தால், எல்லோரும் இங்கிலீஷுக்கு மாறி மேஜை மீட்டிங் ரூம் ஆகிவிடும். இல்லாவிட்டால் அவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப் போர்டுகேம் தொகுதிக்குக் கூப்பிடுங்கள். அசூலிலும் ஸ்ப்ளெண்டரிலும் ஆட்டத்துக்குள் படிக்க ஒரு சொல்கூட இல்லை. கோட்நேம்ஸ் மட்டும் அன்றைக்கு வேண்டாம், அது முழுக்க முழுக்கச் சொல் ஆட்டம்.

கஃபேயில் ஆர்.பி.ஜி.

சத்தம். மணிக்கணக்கில் கட்டணம். பக்கத்து மேஜையில் பிறந்தநாள்.

கடைசி செஷனை ஒத்திப்போடுவது

ஐந்து செஷனுக்குக் கோரம் போதும் என்று சம்மதித்தவர்கள், ஆறாவதற்கு மட்டும் "கிளைமாக்ஸாச்சே, எல்லோரும் இருந்தால்தான் நன்றாக இருக்கும்" என்று தள்ளிப்போடுவார்கள். பகடைக் கணக்கு அன்றைக்கும் அதேதான். ஆறு பேரும் சேர வாய்ப்பு மூன்றில் ஒன்று. இரண்டு தடவை தள்ளினால் போர்டுகேம் தொகுதி நடுவில் வந்துவிடும், வில்லன் கோட்டையிலேயே குடியிருப்பான். தொகுதி ஆரம்பிக்கும் அன்றே கடைசி மாலையின் தேதியைக் காலண்டரில் போட்டு, அந்த ஒரு நாளை மட்டும் விட்டுவைக்கும்படி எல்லோரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று மட்டும் ஏழு மணிக்குப் பதில் நான்கு மணிக்குக் கூடுங்கள். கடைசிச் சண்டை நீளும், முடிந்த பிறகு பாத்திரங்கள் என்ன ஆனார்கள் என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச அரை மணி வேண்டும், கடைசி மெட்ரோ பதினொன்றை ஒட்டிக் கிளம்பிவிடும்.