கியரிங்: நகையை அடைவு வைத்துப் பங்கு வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

கிணற்றடியில் புதைந்து கிடக்கும் கல்லை அலவாங்கு கொடுத்து நெம்பினால், கைப்பலத்துக்கு மீறிய பாரமும் புரளும். சொந்தப் பணத்துடன் கடனையும் சேர்த்து முதலிடுவது அப்படிப்பட்ட நெம்புதல்தான். அதையே கியரிங் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் நகையை அடைவு வைத்துக் கொழும்பு பங்குப் பரிவர்த்தனையில் முதலிடலாமா என்று கேட்பவர்களிடம், முதலில் ஒரு கொப்பித் தாளை எடுக்கச் சொல்வேன்.

தொடக்கமாக, நீங்கள் வாங்க நினைக்கும் கம்பனியே எவ்வளவு கடனில் நடக்கிறது என்று பார்க்க, சொத்தையும் கடனையும் காட்டும் அதன் நிதிநிலைமைக் கூற்றில் கடனையும் உரிமை மூலதனத்தையும், அதாவது பங்குதாரர்களுக்குரிய பணத்தையும், தேடுங்கள். கடன் 60 இலட்சம், உரிமை 40 இலட்சம் என்றால், கடனை உரிமையால் வகுக்கும்போது 150 சதவீதமும், இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கும்போது 60 சதவீதமும் வரும். இரண்டையும் கியரிங் விகிதம் என்றே அழைப்பதால், எந்த முறையில் கணித்தது என்று பாராமல் இரு கம்பனிகளை ஒப்பிடாதீர்கள்.

அடுத்து உங்கள் சொந்தக் கணக்கு. இதில்தான் நிதானம் வேண்டும். கையில் 5 இலட்சம், 14 சதவீத வட்டிக்குக் கடன் 5 இலட்சம், ஆக 10 இலட்சத்துக்குப் பங்கு வாங்குகிறீர்கள் என்று எழுதுங்கள். ஓராண்டில் விலை 20 சதவீதம் ஏறினால் 2 இலட்சம் கிடைக்கும். வட்டி 70,000 போக மிஞ்சும் 1,30,000 ரூபா உங்கள் பணத்தில் 26 சதவீதம். விலை 10 சதவீதம் மட்டும் ஏறினால் மிஞ்சுவது 30,000 ரூபாதான், அதாவது 6 சதவீதம்; கடன் வாங்காதிருந்தால் 10 சதவீதம் கிடைத்திருக்கும். ஏற்றம் வட்டி வீதத்தைத் தாண்டினால் மட்டுமே கடன் உங்களுக்கு உழைக்கிறது.

இனி இறக்கத்தை எழுதுங்கள். பலர் இந்த வரியை எழுதாமலே அடைவுகடைக்குப் போய்விடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. விலை 20 சதவீதம் விழுந்தால் 2 இலட்சம் நட்டம், வட்டியுடன் 2,70,000. உங்கள் 5 இலட்சத்தில் 54 சதவீதம் போய்விடும். பங்குகளையே பிணையாக வைத்துத் தரகரிடம் மார்ஜின் கடன் எடுத்திருந்தால் நிலைமை இன்னும் கடினம். கடன், பங்குகளின் பெறுமதியில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஒப்பந்தம் என்று வைத்துக்கொண்டால், 8 இலட்சமாகக் குறைந்த பங்குகளுக்கு எதிரே 5 இலட்சக் கடன் 62.5 சதவீதமாகிவிடும். உடனே பணம் கட்டும்படி கேட்பார்கள். கட்ட முடியாவிட்டால், விலை மீளும்வரை நீங்கள் காத்திருக்க விரும்பினாலும், பங்குகளை விற்றுக் கடனைக் கழித்துக்கொள்வார்கள்.

கடைசியாக வட்டியை மாற்றிப் பாருங்கள். 2022 ஏப்ரல் 8 அன்று இலங்கை மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையாகும் தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டிக் கடனாக இருந்து உங்கள் 14 சதவீதமும் அவ்வாறே 21 ஆனால், வட்டி 1,05,000 ரூபா. விலை 20 சதவீதம் ஏறிய நல்ல ஆண்டிலும் உங்களுக்கு மிஞ்சுவது 19 சதவீதம், விழுந்த ஆண்டில் நட்டம் 61 சதவீதம்.