மசாய் மாராவில் முதல் சஃபாரி: எங்கிருந்து தொடங்குவது?

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்
ஜூலை முதல் அக்டோபர் வரை தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் கூட்டங்கள் புல் தேடி கென்யாவின் மசாய் மாராவுக்கு வரும். முதலைகள் கிடக்கும் மாரா ஆற்றை அவை என்றைக்குக் கடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மூன்று இரவாவது தங்குங்கள். சிங்கமும் யானையும் வருடம் முழுக்க உண்டு.

2. தங்குமிடத்தைத் தேர்ந்தெடுங்கள்
இதில் அவசரம் வேண்டாம். சுமார் 1,510 சதுர கிலோமீட்டர் தேசியக் காப்பகத்தை ஒட்டி நபோய்ஷோ, ஓலாரே மொட்டோரோகி, மாரா நார்த் போன்ற கன்சர்வன்சிகள், அதாவது விலங்குகளுக்காக விட்டுவைத்த தனியார் நிலங்கள், இருக்கின்றன. அவை மசாய் பழங்குடிக் குடும்பங்களின் சொந்த நிலம். சுற்றுலா முகாம்கள் அவர்களுக்குக் குத்தகைப் பணம் தருகின்றன. அந்த வருமானம் இருப்பதால்தான் நிலத்துக்கு வேலி போடப்படாமல் விலங்குகள் தாராளமாக நடமாடுகின்றன. வண்டிக் கூட்டமும் குறைவு. காப்பகத்தில் கிடைக்காத இரவு சஃபாரிக்கும் இங்கே போகலாம். செலவு கூடும்தான். ஆனாலும் ஓர் இரவைக் குறைத்தாவது இங்கே தங்குங்கள் என்பேன்.

3. காகித வேலை
கென்யாவுக்கு 2024 முதல் விசாவுக்குப் பதில் இ-டிஏ என்ற ஆன்லைன் அனுமதி. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு அங்கே 2017 முதல் தடை, துணிப்பை எடுத்துப் போங்கள்.

4. ஜீப்பில் ஏறியதும்
"கிட்டே போக வேண்டாம், தள்ளியே நிறுத்துங்கள்" என்று ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயணிகள் கேட்பார்களே, டிப்ஸ் குறையுமே என்றுதான் பலர் நெருங்கிப் போகிறார்கள். மாராவின் சிவிங்கிப்புலிகள் (சீட்டா) பற்றி 2018இல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள்: சுற்றுலா வண்டிகள் குறைந்த பகுதியில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. வண்டிகள் மொய்த்த பகுதியில் அது வெறும் 0.2. படித்தபோது மனசு கனத்துப்போனது. தாய் வேட்டைக்குப் பதுங்கும்போது குறுக்கே வண்டி நின்றால் குட்டிகளுக்கு அன்று பட்டினி.

5. மசாய் கிராமத்துக்குப் போனால்
நுழைவுக் கட்டணத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள், அதில் எவ்வளவு கிராமத்துக்குப் போகிறது என்றும் கேளுங்கள். "சோபா" என்று வணக்கம் சொல்லுங்கள். அனுமதி வாங்கிய பிறகே படம். அப்புறம், மணிமாலை பிடித்திருந்தால் விடுதிக் கடைக்குக் காத்திருக்காமல் அதைக் கோத்த பெண்ணிடமே வாங்கி, பணத்தை அவர் கையிலேயே கொடுங்கள்.