தராசில் ஏறும் முன் பழைய கம்ப்யூட்டரை மீட்பது எப்படி

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 28 வருஷமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். நான் வந்த புதிதில் 386 என்ற பழைய பிராசசர் வைத்த கம்ப்யூட்டர் போர்டுகள் கடைவாசலில் குவிந்து கிடக்கும், கேட்டால் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். இன்று ஒன்று கண்ணில் பட மாதக்கணக்கில் அலைகிறேன். காரணம் தங்கம். 386, 486, பென்டியம் புரோ பிராசசர்களுக்குப் பீங்கான் உடம்பு, தங்க முலாம் பூசிய கால்கள். குஜரிக்காரர், அதாவது பழைய சாமான் வியாபாரி, முதலில் பிடுங்குவது அதைத்தான். அது கிலோ கணக்கில் கைமாறி அமிலத்தில் கரைகிறது. பிராசசர் போன போர்டை யாரும் பத்திரப்படுத்துவதில்லை.

அதனால் பிரிப்பதற்கு முன்னால் போய்ச் சேருங்கள். ஸ்ரீராமபுரத்தில் எனக்குத் தெரிந்த குஜரி கடைத் தம்பியிடம் ஒரே வார்த்தைதான் சொல்லி வைத்திருக்கிறேன்: "முழுசா வந்தா பிரிக்காதப்பா, எடைக்கு என்ன வருமோ அதுக்கு மேல தர்றேன்." அவனும், "காலையிலயே வந்துடுங்கண்ணே, மத்தியானம் ஆச்சுன்னா பசங்க உடைச்சிடுவாங்க" என்பான். கீபோர்டு, ஒயர், ஃப்ளாப்பி எல்லாவற்றையும் சேர்த்தே கேளுங்கள். பழைய கீபோர்டைத் தனியாகத் தேடுவது பெரும்பாடு.

பெரிய ஆபீஸ்களில் கேட்பதென்றால் பொருள் கழிவுக் கணக்கில் ஏறுவதற்குள் கேட்டுவிட வேண்டும். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, கணக்கில் ஏறிய பிறகு பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனங்களிடம்தான் அவர்கள் ஒப்படைக்க முடியும். பழைய பள்ளிக்கூட ஸ்டோர் ரூம்களையும் விடாதீர்கள். பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்றுத்தர 1984இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில், பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது. அது கிடைத்தால், பவர் சப்ளையில் இருக்கும் ரிஃபா கம்பெனி கெப்பாசிட்டர்களை மாற்றிய பிறகே கரண்ட் கொடுங்கள். இத்தனை வயதில் அவை விரிசல் விட்டிருக்கும், புகைந்து வெடிக்கும்.

எந்த மெஷினாக இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் பிளக்கில் சொருகாதீர்கள். பின்பக்கம் பவர் சப்ளையில் சிறிய சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டிகளில் அது 115 வோல்ட்டில் இருக்கும். அதைப் பார்க்காமல் நம்ம ஊர் 230இல் போட்டு, நல்ல சப்ளை ஒன்றை ஒரே சத்தத்தில் இழந்தேன். இன்றும் மனசு ஆறவில்லை.

அடுத்தது பேட்டரி. 386 போர்டின் ஓரத்தில் சின்னப் பீப்பாய் மாதிரி ஒன்றை ஈயம் வைத்துப் பற்றியிருப்பார்கள். பெரும்பாலும் அது கசிந்திருக்கும். சுற்றிலும், செம்புக் குடத்தில் களிம்பு ஏறின மாதிரி பச்சை பூத்திருக்கும். முதலில் கட்டரால் அதை வெட்டி எடுங்கள். கசிந்தது காரம், அதனால் பஞ்சுக் குச்சியை வினிகரில் தொட்டுத் துடைத்தால் மெல்ல நுரைத்து அடங்கும். செம்பு துலக்கும் பழக்கத்தில் புளியைத் தேய்த்துவிடாதீர்கள், சக்கை கால்களுக்கிடையில் மாட்டிக்கொள்ளும். பிறகு டிஸ்டில்டு வாட்டர், கடைசியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பச்சை அரித்த இடத்தில் செம்புக் கோடு அறுந்திருந்தால் மெல்லிய ஒயரால் இணைக்கலாம். லென்ஸ் வைத்துக்கொண்டு பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அது.

பழைய டியூப் மானிட்டரைத் திறக்கவே வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

இவ்வளவும் முடிந்து சுவிட்சைப் போட்டால் ஸ்பீக்கரில் டிக் டிக் என்று மெமரி எண்ணும். 4096 கேபியில் நின்றால் நாலு எம்பியும் உயிரோடு இருக்கிறது. பேட்டரி இல்லாததால் தேதியும் ஹார்ட் டிஸ்க் அளவும் ஒவ்வொரு முறையும் மறந்துபோகும். அளவை மறுபடி கொடுக்கத் தேவையான சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண்கள் டிஸ்க் லேபிளில் இருக்கும். லேபிள் உதிரும் முன் அவற்றைப் பேனாவால் ஒரு தாளில் எழுதி, கேபினெட் மூடியின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள்.