மீன் ஏலம் தெரிந்தவர்கள் பொருளியல் படிப்பது எப்படி?

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனிக் கணக்கு எழுதிக்கொண்டே சமுதாயக் கல்லூரிக்குப் போய்ப் பொருளியல் படித்தவன் நான். புத்தகத்தை விட்டு வெகுகாலம் ஆனவர்களை மிரட்டுவது வளைகோடுதான். அதனால் அங்கேயே தொடங்குங்கள்.

தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினோராம் வகுப்புப் பொருளியல் நூல் இணையத்தில் இலவசம். முதல் பாடத்தில் வரும் செல்வ இலக்கணம், நல இலக்கணம் எல்லாம் தேர்வுக்கு முந்தின வாரம் பார்த்துக்கொள்ளலாம். நேராக 'தேவை' (எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள்), 'அளிப்பு' (எந்த விலைக்கு எவ்வளவு விற்க வரும்) பாடங்களுக்குப் போய்விடுங்கள். இந்த இரண்டையும் படமாக வரைவதுதான் அந்த வளைகோடு.

ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கி, நகரை மீன் ஒன்றுக்கு மட்டும் தினமும் ஏல விலையையும் வந்த அளவையும் குறியுங்கள். எல்லா மீனையும் எழுதினால் குழம்பிப் போகும். விலை மாறிய நாளில், எந்தக் கோடு நகர்ந்தது என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், நாட்டுப்படகு மீன் மட்டும் வரும். அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர்கிறது, விலை ஏறுகிறது. விலை ஏறியதால் ஆட்கள் குறைவாக வாங்குவது தேவைக் கோட்டின் மேலேயே நடப்பது, அந்தக் கோடு நகரவில்லை. புரட்டாசியில் கதை வேறு. பழைய விலைக்கே கொடுத்தாலும் வாங்க ஆள் குறைவு. அங்கே நகர்ந்தது தேவைக் கோடு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

அப்புறம் நெகிழ்ச்சி, அதாவது விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு. கிலோ 200 ரூபாய்க்கு 50 கிலோ போகிறது என்று வையுங்கள். 240 ஆனதும் 45 கிலோ. விலை 20 சதவீதம் ஏறியது, விற்பனை 10 சதவீதம் குறைந்தது. பத்தை இருபதால் வகுத்தால் 0.5. ஒன்றுக்குக் கீழே என்பதால் விலை ஏறியும் வரவு 10,000லிருந்து 10,800 ஆகிறது. விடை எழுதியதும் வரவையும் போட்டுப் பாருங்கள், கணக்குத் தப்பியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

நிறைவுப் போட்டி, அதாவது வாங்குபவரும் விற்பவரும் நிறையப் பேர் இருப்பதால் யாரும் தனியாக விலையை முடிவு செய்ய முடியாத சந்தை. இந்தப் பாடத்தில் மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு உட்காருங்கள். ஏலக்காரர் கூவும்போது சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். ஆனால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர் மீனை அவருக்குத்தான் போடவேண்டும். விலை கேட்க ஒரே ஆள். வாத்தியாரிடம் இதைக் கேட்டால் நல்ல விவாதம் கிடைக்கும், தேர்வில் புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள்.

செலவுப் பாடத்துக்குப் படகுக் கணக்கே போதும். கடன் வட்டி மாறாச் செலவு, கடலுக்குப் போகாவிட்டாலும் ஓடும். டீசல், ஐஸ் மாறும் செலவு. டீசல் காசுகூடத் தேறாது என்றால்தான் படகைக் கட்டிப்போடுவது லாபம். வட்டி முழுக்கத் தேறாவிட்டாலும், டீசலும் ஐஸும் போக ஏதாவது மிஞ்சினால் போகத்தான் வேண்டும்.

தேர்வில் படத்தைப் பென்சிலில் போடுங்கள், குத்துக்கோட்டில் விலை, கிடைக்கோட்டில் அளவு. பெயர் எழுதாத அச்சுக்கு மதிப்பெண் போய்விடும்.